றோசலின் மைக்கலுக்கு விழுந்த காசு

காசு வாங்கேக்க ஒருத்தனும் பேர் கேக்கேல்லைப் பிள்ளை. அதைத்தான் நான் கேக்கிறன். இருபது டொலர் போடு எண்டான், போட்டன். இன்னும் ஐம்பது போடு எண்டான், போட்டன். கிரெடிட் காட்டில என்ன பேர் கிடக்கு, கசினோவில என்ன பேர் குடுத்து வைச்சிருக்கிறாய் எண்டு ஒரு நாயும் கேக்கேல்லை. நான் வெண்டாப் பிறகு, என்ர காசைத் தாங்கோ எண்டு கேட்டாப் பிறகுதான் அவைக்கு என்னில சந்தேகம் வருது... நில்லும், நில்லும், அந்த மிசினுக்க போடாதையும். அது குவாட்டர் காசை விழுங்கிப்போட்டுச் சும்மா நிக்கும். இதுக்க போடும். இது உதறும், சத்தம் போடும், ஆனா தோய்க்கும்.

நீர் ஒன்பதாம் மாடிக்குப் புதுசா வந்த ஆள் என்ன? நிலாணியோ... நல்ல பேர். நான் அருள்மலர், ஏழாம் மாடி. எலிவேற்றருக்க மீன் மணக்குது எண்டா எங்கட வீடுதான், கோவிக்காதையும். ஏன் நிண்டுகொண்டு? அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இரும். ஒரு தோய்ச்சலுக்கு முப்பத்தைஞ்சு நிமிசம். விட்டிட்டு மேல போனீர் எண்டா உம்மட உடுப்பு ஈரத்தோட இந்த மேசையில கிடக்கும். இந்த பில்டிங்கில சனம் அப்பிடி. நானே ரெண்டு மூண்டு தரம் எடுத்துப் போட்டிருக்கிறன்.

கசினோ எண்டோடன நீர் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போற இடத்தை நினைச்சிருப்பீர். அதில்லை. இது கொம்பியூட்டருக்க இருக்கிற கசினோ. ஓம், இன்ரநெற்றில. எங்கயோ ஒரு தீவில ஓபிஸாம், அந்தத் தீவு உலகப் படத்தில இருக்கோ எண்டே தெரியாது. கசினோவின்ர பேரை நான் சொல்ல மாட்டன், சொன்னா நீரும் போய் விளையாடுவீர். சிரியாதையும். நானும் ஒருநாள் கேக் அடிக்கிற முறைதான் தேடினனான். பக்கத்தில ஒரு பெட்டி மினுங்கு மினுங்கு எண்டு மினுங்கிச்சுது. என்ன கோதாரி எண்டு அமத்திப் பாத்தன். அவ்வளவுதான். கேக் இண்டைக்கு வரைக்கும் அடிக்கேல்லை.

கொம்பியூட்டர் எங்கட மகள் நதீஷாவின்ர படிப்புக்கெண்டு மாதக் காசுக்கு வாங்கினது. இவருக்கு, என்ர மனிசன் எட்வேட்டுக்குப் பின்னேர ஷிப்ட். எனக்குக் காலமை ஏழு தொடக்கம் மூண்டு வரைக்கும், சம்பூ போத்திலுக்கு லேபல் ஒட்டிற பக்ரரி. நான் நாலு மணிக்கு வீட்டை வந்தா இவர் இல்லை. மகள் சேர்ச்சில பாட்டுப் பழக எண்டு போயிடுவாள். ரெண்டு மணித்தியாலம் வீட்டில நானும் அந்தப் பெட்டியும்தான். இன்ரநெற்றில நிண்டா ரெலிபோன் வேலை செய்யாதே, அது எனக்குப் பெரிய நிம்மதி. மச்சாள்மார் எடுத்து ஊர்க்கதை பேசிச் சமா வைக்கேலாது. இவர் வேலையில இருந்து எடுத்தா என்கேஜ். ஆரோட இவ்வளவு நேரம் கதைச்சனீ எண்டு கேப்பார். மரியம்மா அன்ரியோட எண்டு சொல்லுவன். மரியம்மா அன்ரி செத்து ரெண்டு வருசம். இவருக்கு அது ஞாபகம் வரேல்லை.

என்ன பாக்கிறீர்? ஆசைக்கு விளையாடினனான் எண்டு நினைக்கிறீரோ? பிள்ளையின்ர பல்லுக்கு விளையாடினனான். நதீஷாவுக்கு முன் பல்லு ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிக்குது. இவற்ற குடும்பத்துப் பல்லு, என்ர பக்கம் அப்பிடி ஆருமில்லை. பள்ளிக்கூடத்தில படம் எடுக்கேக்க வாயைக் கையால பொத்திக்கொண்டு நிக்கிறாள். மூண்டு வருசத்துப் படமும் அப்பிடித்தான். டென்ரிஸ்ட் கம்பி போட நாலாயிரத்து ஐந்நூறு எண்டு சொன்னான். இவர் என்ன சொன்னார் தெரியுமே? எங்கட அம்மா இந்தப் பல்லோடதானே கலியாணம் கட்டினவ எண்டார். நான் சில்லறை சில்லறையா முந்நூறு டொலர் சேத்து வைச்சிருந்தனான். அதில இருநூற்றி எண்பதைக் கசினோவில விட்டன். விட்டதை எடுக்கோணுமெல்லே? அதுக்காண்டித்தான் பிறகும் விளையாடினது. அது ஆசையில்லை, பொறுப்பு.

சரி, பேருக்கு வருவம். முதல் முதல் சேரேக்க ஒரு போர்ம் வந்தது. பேர் என்ன, பிறந்த திகதி என்ன, தாயின்ர பேர் என்ன எண்டு. சூதாட்டமெல்லே. எங்களுக்கு சிற்றிசன் சோதினை வாற நேரம், உதுக்க போய் அருள்மலர் எண்டு எழுதலாமோ? பொலிஸ் பிடிச்சா? பங்குத்தந்தைக்குத் தெரிஞ்சா? வேற ஒரு பேர் போடுவம் எண்டு யோசிச்சன். யோசிக்க முதலே கை எழுதிப்போட்டுது. றோசலின் மைக்கல். பிறந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்பது, மாசி பதினாலு. தாய் பேர்ணடெற். விலாசம் ஜோகூர் பாரு, மலேசியா. இப்பவும் நித்திரையில தட்டிக் கேட்டாலும் சொல்லுவன்.

ஆர் றோசலினோ? அட, உமக்கு விளங்கேல்லை. நீர் சொந்தக்காரர் ஸ்பொன்சர் பண்ணி வந்தனீர் போல. நாங்கள் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி வந்த ஆக்கள். பத்து வருசத்துக்கு முதல் பாங்கொக்கில ஒரு அறைக்க ஏழு பேர், நாப்பத்திரண்டு நாள். எனக்குக் கிடைச்சது றோசலின் மைக்கல் எண்ட மலேசியாப் பிள்ளையின்ர பாஸ்போட். அவளின்ர ஐடென்ரிற்றிக் காட்டும் ஏஜென்சிக்காரனிட்ட இருந்தது. படத்தை மட்டும் மாத்தினவன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க திடீரெண்டு கேப்பான், உன்ர தாயின்ர பேர் என்ன? பேர்ணடெற் எண்டு சொல்லோணும். பிந்திச் சொன்னா கோழித் துண்டை எடுத்து மற்றப் பிள்ளைக்குப் போட்டிடுவான். பசியில பாடமாக்கினது பிள்ளை, மறக்காது.

பிளேனுக்க கக்கூசில வைச்சுப் பாஸ்போட்டைக் கிழிச்சுப் போட்டுத் தண்ணி அடிக்கச் சொன்னவன். எல்லாரும் செய்தது அதுதான். தாள் போட்டுது, மட்டை போகேல்லை. நாலு தரம் தண்ணி அடிச்சன், சுத்திச் சுத்தி வருது. வெளியில ஒரு வெள்ளைக்காரி கதவைத் தட்டுறாள். சேசுவே எண்டு கையை விட்டு எடுத்துக் குப்பைப் பெட்டிக்க அமத்திப்போட்டு வந்தன்... மூஞ்சையைச் சுழிக்காதையும், கையைக் கழுவினனான்.

பிறகு இஞ்ச அகதி விசாரணை. வேதாகமத்தில கை வைச்சுச் சத்தியம் பண்ணினாப் பிறகு கேக்கினம், அந்தப் பாஸ்போட்டில என்ன பேர் இருந்தது? தெரியாது எண்டன். ஞாபகமே இல்லையா? இல்லை. ஒரு எழுத்துக்கூட? எனக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாது எண்டன். பேரைச் சொன்னா பின்னுக்கு வாற சனத்துக்குக் கரைச்சல் எண்டு ஏஜென்சிக்காரன் வெருட்டி விட்டவன். விசாரிச்சவர் பாவம், எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போட்டார்.

இப்ப பாரும் என்ர நிலைமையை. போன சித்திரையில ஒரு செவ்வாய்க்கிழமை, தேத்தண்ணி ஒரு கையில, மற்றக் கையால கசினோவில அந்தப் படம் சுத்திற மிசினை அமத்தினன். மணிப் படம் மூண்டும் ஒரே கோட்டில வந்து நிண்டுது. ஸ்கிறீன் முழுக்க நட்சத்திரம். நாலாயிரத்து இருநூறு. கனேடியன் இல்லை, அமெரிக்கன் டொலர். வாழ்த்துக்கள் றோசலின் எண்டு எழுதி வந்தது. நான் தேத்தண்ணியைக் கீபோட்டில ஊத்திப்போட்டன். அதில எஸ் எழுத்து இண்டைக்கும் வேலை செய்யாது.

அண்டைக்கே காசைக் கேட்டு எழுதினன். ஸ்டீவ் எண்டு ஒருத்தன் ஈமெயில் போட்டான். அன்புள்ள றோசலின், உன்ர பாஸ்போட் கொப்பியும் கரண்ட் பில்லும் அனுப்பு. பாஸ்போட் எங்க கிடக்கு? அத்திலாந்திக் கடலுக்கு மேல எங்கயோ. நான் என்ர டிரைவிங் லைசன்ஸை ஃபாக்ஸ் பண்ணினன். பிளாசாவில ஒரு பலசரக்குக் கடை இருக்கு, ஒரு தாளுக்கு ஒரு டொலர். கடைக்காரன் அனுப்ப முதல் வடிவா வாசிச்சுப்போட்டுத்தான் அனுப்புவான். ஸ்டீவ் எழுதினான், இது அருள்மலர், எங்களுக்கு றோசலின் வேணும். நான்தான் றோசலின் எண்டு எழுதினன். அப்ப அருள்மலர் ஆர் எண்டு கேட்டான். அதுவும் நான்தான். அதுக்குப் பிறகு ஸ்டீவ் எழுதேல்லை, ஜெனிபர் எண்டு ஒருத்தி எழுதினாள். அவளும் ஸ்டீவ் விடுற அதே எழுத்துப் பிழையைத்தான் விடுறாள். ஒரே ஆள்தான். அவனுக்கு ரெண்டு பேர் இருக்கலாம், எனக்கு இருக்கக் கூடாதாம்.

ஜெனிபர் சொல்லுறாள், றோசலினும் அருள்மலரும் ஒரே ஆள் எண்டு நொத்தாரிசுக்கு முன்னால சத்தியம் பண்ணிக் கடுதாசி அனுப்பு, தொண்ணூறு நாளுக்க வரேல்லை எண்டா காசு எங்களுக்கு. நான் கிறிஸ்துநாயகத்தாரிட்டப் போனன். எங்கட பங்கில இருக்கிறவர், வீடு எழுதுறது, கலியாணம் எழுதுறது எல்லாம் அவர்தான். கதையைக் கேட்டார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பிள்ளை, நீர் வேதாகமத்தில கை வைச்சுத் தெரியாது எண்டு சொன்ன பேர், இப்ப திரும்ப வேதாகமத்தில கை வைச்சு அது என்ர பேர்தான் எண்டு சொல்லப் போறீர், என்ன? எழுதலாம், நாப்பது டொலர். ஆனா சிற்றிசன் கந்தோரில உது தெரிய வந்தா எனக்கும் உமக்கும் அறிமுகம் இல்லை எண்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். வெளியில வரேக்க அவற்ற மனிசி தேத்தண்ணியோட நிக்கிறா. அவ கேட்டாவோ கேக்கேல்லையோ எண்ட பயத்தில எனக்கு ரெண்டு கிழமை நித்திரை இல்லை. பாவசங்கீர்த்தனம் செய்தாலாவது ஆறுதலா இருக்கும் எண்டு போனன். எல்லாத்தையும் சொன்னன். ஃபாதர் கேக்கிறார், எவ்வளவு வெண்டனீங்கள்?

தொண்ணூறில நாப்பது நாள் போட்டுது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு ஒரு யோசினை வந்தது. இப்ப நினைச்சா என்னையே செருப்பால அடிக்கோணும் போல கிடக்கு, ஆனா அண்டைக்கு அது பெரிய மூளை எண்டு நினைச்சனான். உண்மையான றோசலின் உயிரோடதானே இருப்பாள்? விலாசம் எனக்குப் பாடம்தானே? அவளுக்கே எழுதினா என்ன? எழுதினன் பிள்ளை. தமிழிலதான், அவளும் எங்கட சனம் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன். அன்புள்ள றோசலின், உங்களுக்கு என்னைத் தெரியாது, நான் உங்கட பாஸ்போட்டில கனடா வந்தனான். உங்கட பேரில ஒரு கசினோவில காசு விழுந்து கிடக்கு. உங்கட பாஸ்போட் கொப்பி ஒண்டு அனுப்பினா உங்களுக்கு ஐந்நூறு டொலர் தாறன். அவ நம்போணுமே எண்டு கசினோவின்ர பேர், கணக்கு நம்பர், என்ர பாஸ்வேட் எல்லாம் எழுதி, கீழ என்ர சொந்தப் பேரும் விலாசமும் போட்டு விட்டன்.

தலையில ஏன் கை வைக்கிறீர்? பாஸ்வேட்டை ஆருக்கும் குடுக்கக் கூடாது எண்டு அப்ப எனக்கு ஆர் சொன்னது? அது என்ர மனசில அவளின்ர சாமான்தானே. அவளின்ர பேர், அவளின்ர தாய், அவளின்ர பிறந்த நாள். அதை அவளுக்கு எழுதுறதில என்ன பிழை எண்டு நினைச்சனான்.

அஞ்சு கிழமை ஒரு பதிலும் இல்லை. ஆள் செத்துப்போச்சோ, வீடு மாறிப்போச்சோ எண்டு தபால் பெட்டியை நாளுக்கு மூண்டு தரம் திறக்கிறன். பில்டிங்கைப் பாக்கிற சூப்பர் என்னைக் கண்டா ஒளிக்கிறான். ஆறாம் கிழமை ஜெனிபரிட்ட இருந்து ஈமெயில். அன்புள்ள றோசலின், உங்கட கடுதாசியெல்லாம் சரி, உங்கட விலாசத்துக்குக் காசோலை அனுப்பிப்போட்டம், நன்றி. எந்த விலாசம்? பாத்தா ஜோகூர் பாரு. நேர அவையளுக்கே பாஸ்போட் கொப்பி அனுப்பி, பாஸ்வேட்டும் சொல்லி, காசை எடுத்துப்போட்டாள் அந்தச் சண்டாளி.

நான் எழுதினன், அது பொய் றோசலின், நான்தான் உண்மையான றோசலின் எண்டு. இந்த முறை ஸ்டீவ் பதில் போட்டான். பாஸ்போட் சரி, ஐடென்ரிற்றிக் காட் சரி, கரண்ட் பில் சரி, தாயின்ர பேரும் சரி. மேடம், நீங்கள் ஆர்? இவர் வேலையால வந்து ஏன் சோறு வைக்கேல்லை எண்டு கேட்டாப் பிறகுதான் கதிரையால எழும்பினனான்.

உம்மட மிசின் நிண்டுபோச்சு. இரும், ட்றையருக்க நான் போட்டு விடுறன். இல்லை, ஈரத்தோட மேல கொண்டுபோய் எங்க காயப் போடப் போறீர், பல்கனியில போட்டா சூப்பர் நோட்டீஸ் ஒட்டுவான். கதை முடியப் போகுது, இரும்.

போன கிழமை கடிதம் வந்தது. றோசலினிட்ட இருந்துதான். நல்ல காலம் இவர் தபால் பெட்டி திறக்கிறேல்லை. தடிச்ச என்வலப். இந்தியாப் பக்கத்துத் தமிழ் மாதிரி, ஆனா எழுத்து அச்சடிச்ச மாதிரி வடிவு. நான் ஏச்சுக்கு ஆயத்தமா நிண்டு வாசிச்சன். என்ன எழுதியிருக்கிறா எண்டா... அவ அப்ப ஒவ்வொரு நாளும் பாலம் கடந்து சிங்கப்பூரில ரேடியோ செய்யிற பக்ரரிக்கு வேலைக்குப் போய் வாறவவாம். ஒருநாள் பஸ்ஸுக்க ஆரோ ஹான்ட்பாக்கை அறுத்துக்கொண்டு போட்டானாம். பாஸ்போட், ஐடென்ரிற்றிக் காட் எல்லாம் அதுக்க. பொலிஸில சொல்லிப்போட்டுப் புதுசு கேட்டவவாம். கொஞ்ச நாளால கூப்பிட்டு, உன்ர பாஸ்போட்டில றோசலின் மைக்கல் ரொறன்ரோவுக்குப் போயிருக்கு, திரும்பி வரேல்லை, எவ்வளவுக்கு வித்தனீ எண்டு கேட்டவையாம். இல்லை எண்டு அழுதாலும் ஆர் நம்புறது? எட்டு மாசம் புதுப் பாஸ்போட் குடுக்கேல்லையாம். பாலம் கடக்கேலாது. வேலை போட்டுது. நான் பாங்கொக்கில பாஸ்போட்டை நெஞ்சில வைச்சுச் செபம் சொன்னனான் பிள்ளை. அது ஆரோ வித்தது எண்டுதான் நினைச்சனான். ஏஜென்சிக்காரன் அப்பிடித்தான் சொன்னவன். நானும் வேற ஒண்டும் கேக்கேல்லை.

அந்த எட்டு மாசமும் ஞாயித்துக்கிழமை பூசையில உன்னைச் சபிச்சேன், பேர் தெரியாததால என் பேரைச் சொல்லியே சபிச்சேன் எண்டு எழுதியிருக்கிறா. அதுக்குக் கீழ, ரொறன்ரோவில குளிர் எப்பிடி, உனக்குப் பிள்ளைகள் எத்தனை எண்டு கேட்டிருக்கிறா. நான் ரொறன்ரோ போனதா எங்க ஊர் பொலிஸ் ஃபைலில இருக்கு, அங்க என்ன இருக்குன்னு எனக்கும் தெரியணுமில்லையா எண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அந்தச் சாபத்தைத் திரும்பவும் வாசிச்சன்.

அதோட ஒரு பாங்க் டிராப்டும் வைச்சிருந்தா. ஐந்நூறு டொலர். நீ எனக்குத் தர்றதா சொன்ன தரகை நான் உனக்குத் தர்றேன் எண்டு. அதில என்ர சொந்தப் பேர், அருள்மலர் எட்வேட். பாங்கில குடுத்தா ஒரு கேள்வி இல்லாமல் மாத்தலாம்.

மாத்தினனோ? இல்லை. மகளின்ர பல்லுக்கு சனிக்கிழமை ஓவர்டைம் செய்யிறன், டென்ரிஸ்ட் மாதம் மாதம் வாங்கச் சம்மதிச்சிட்டான். வாற கிழமை கம்பி போடுறான். இந்த டிராப்டைத் திருப்பி அனுப்பவோ வைச்சிருக்கவோ எண்டு எனக்குத் தெரியேல்லை. முதல் நாள் பெரிய ஏச்சுக் கடிதம் ஒண்டு எழுதுவம் எண்டு பேனையோட இருந்தன். என்ர வெண்ட காசு, என்ர அதிர்ஷ்டம், நீ ஆர் எடுக்க எண்டு. ஏசுறதெண்டா கணக்கோட ஏசோணும் எண்டு போட்டுக் கணக்குப் பாத்தன். அவ எடுத்த காசைக் கனேடியனுக்கு மாத்தி, அவவுக்கு வேலை இல்லாமல் போன எட்டு மாசத்து வேலை நாளால பிரிச்சன். நாளொண்டுக்கு முப்பத்தொரு டொலர் வந்தது. லேபல் ஒட்டுற எனக்கே ஒரு நாளைக்கு ஐம்பத்தெட்டுத் தாறாங்கள் பிள்ளை. இஞ்ச நான் பத்து வருசம் இருந்து, சம்பளம் எடுத்து, பிள்ளை வளத்து, மீன் பொரிச்சுத் திண்டிருக்கிறன். அவ என்னட்டக் கேட்டது அவ்வளவுதான். மலிவா விட்டிட்டா.